277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை: வேலூர் மணிக்கூண்டு சொல்லாத பெயர்களை எப்படித் தேடுவது?

வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டி, பைக், ஆட்டோ எல்லாம் முட்டி மோதிக்கொண்டு போகும் நெரிசலுக்கு நடுவே பழைய மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதில் ஆங்கிலத்தில் ஒரு சிறிய கல்வெட்டு. 1914-ல் தொடங்கிய பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்பதுதான் அதன் சாரம்.

யார் அந்த 14 பேர்? எந்தத் தெரு, யார் பிள்ளை, எந்த நாட்டில் இறந்தார்கள்? கல்வெட்டில் ஒரு பெயர்கூட இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். முதல் உலகப் போர் முடிந்த பிறகு இதே மாதிரியான கல்வெட்டுகளை ஆங்கிலேய அரசு இந்தியா முழுக்க ஊர் ஊராகப் பதித்தது. ஊர்ப் பெயரையும் ரெண்டு எண்களையும் மாற்றினால் போதும், வாசகம் ஒன்றுதான்.

இதே கேள்வியை கனடாவில் ஒரு சின்ன ஊரில் கேட்டிருந்தால், அரை மணி நேரத்தில் போனிலேயே பதில் கிடைத்திருக்கும்.

கனடாவில் மட்டும் எப்படி?

முதல் உலகப் போரில் கனடா படையில் சேர்ந்தவர்கள் சுமார் 6.2 லட்சம் பேர். 60,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த 6.2 லட்சம் பேரின் தனிப்பட்ட கோப்புகளையும் கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் ஸ்கேன் செய்து, 2018-ல் வேலையை முடித்து, இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டன.

ஒரு கோப்பைத் திறந்தால் முதலில் வருவது, படையில் சேரும்போது எழுதிய உறுதிமொழிப் படிவம். பிறந்த ஊர், செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், உடம்பில் இருந்த தழும்பு, மதம், செத்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். அடுத்து சம்பளத்தில் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பினார், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் படுத்திருந்தார், என்ன தண்டனை வாங்கினார் என்பதெல்லாம் வரும். இறந்தவர்களுக்கு ‘இறந்த சூழ்நிலை’ என்று தனிப் பதிவேடே உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்த 45,000 பேரின் கோப்புகளும் திறந்துதான் இருக்கின்றன. இது போதாதென்று அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறை நடத்தும் இணைய நினைவிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. குடும்பத்தார் போட்டோவையும் கடிதத்தையும் அதில் ஏற்றலாம்.

இதன் பலனுக்கு பக்கம் சிங் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1893-ல் பஞ்சாபில் பிறந்து, சிறுவனாகவே கனடா போனவர். 1915-ல் அங்கே படையில் சேர்ந்து, பிரான்ஸ்-பெல்ஜியம் போர்முனையில் 1916-ல் இரண்டு முறை காயம்பட்டார். பிறகு காசநோய் வந்து, 1919-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்னர் நகரில் 25 வயதில் இறந்தார். அங்கே அவருக்கு உறவினர் யாரும் இல்லை. பல பத்தாண்டுகள் அப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்த மெடல் ஒன்றை கனடா வாழ் சீக்கிய வரலாற்று ஆய்வாளர் சந்தீப் சிங் பிரார் வாங்கினார். அதன் விளிம்பில் ஒரு எண்ணும் பெயரும் பொறித்திருந்தன. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கோப்பு, கோப்பிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து கல்லறை என்று போய்விட்டார். இன்று அந்தக் கல்லறையில் ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடக்கிறது.

ஒரே ஒரு மெடல் போதுமானதாக இருந்தது. ஆனால் மெடலுக்குப் பின்னால் ஒரு கோப்பு இருந்ததால்தான் அது போதுமானதாக இருந்தது.

வேலூர்க்காரர்கள் எங்கே போனார்கள்?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். மெட்ராஸ் மாகாணம் கொடுத்த ஆட்கள் ஏறத்தாழ 92,000. அதில் 51,000 பேர் ஆயுதம் ஏந்தியவர்கள். மீதி 41,000 பேர் சமையல், தண்ணீர் சுமப்பது, கோவேறு கழுதை ஓட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளுக்குப் போனவர்கள். ராணுவ பாஷையில் இவர்களுக்கு ‘ஃபாலோயர்’ என்று பெயர்.

மெட்ராஸ் படைப்பிரிவுகள் பிரான்ஸுக்கு அதிகம் போகவில்லை. ‘தென்னிந்தியர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள்’ என்று ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு முன்பே முடிவு கட்டி, இங்கே ஆள் எடுப்பதைக் குறைத்திருந்தார்கள். போர் தொடங்கியதும் ஆள் பற்றாக்குறை வந்தது, பழைய முடிவு மறந்துபோனது. மெட்ராஸ் சாப்பர்ஸும் கர்நாடிக் காலாட்படைப் பிரிவுகளும் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போயின. பாளையங்கோட்டை பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கி, ஜெர்மன் படையிடம் மோசமாக அடிவாங்கியது.

சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, ஆற்றைக் கடக்க வைப்பது என எல்லாம் செய்யும் பொறியியல் படை. மெட்ராஸ் சாப்பர்ஸில் ஆதிதிராவிடர்கள் கணிசமாக இருந்தார்கள். சேரியிலிருந்து போன ஒருவருக்கு மாதச் சம்பளமும் பூட்ஸும் சீருடையும் ஊரில் கிடைக்காத மரியாதையும் கிடைத்த இடம் அது. வட ஆற்காட்டில் பட்டாளம் ஒரு பரம்பரைத் தொழில் மாதிரி ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை இன்றும் ‘ராணுவப்பேட்டை’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆள் மட்டும் போகவில்லை, தோலும் போனது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மெட்ராஸ் மாட்டுத்தோல் அந்தக் காலத்தில் லண்டன் சந்தையில் தனிப் பெயர் வாங்கிய சரக்கு. ஆங்கிலேயப் படையின் பூட்ஸுக்கு மேல்தோலாக அது தேவைப்பட்டதால், போரின் நடுவில் அரசே அதன் கொள்முதலைக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. மெட்ராஸ் மாகாணத்து டேனரிகள் இரவு பகலாக ஓடின. இதில் கனடாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914-ல் இங்கிலாந்து வந்து இறங்கிய கனடா வீரர்களின் சொந்த நாட்டு பூட்ஸ் மழைச் சேற்றில் ஊறிப் பிய்ந்துபோய், ஆங்கிலேய பூட்ஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. பாலாற்றங்கரைத் தோல் கனடாக்காரர்களின் காலிலும் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்கலாம். பக்கத்து ஊரிலிருந்து போன சாப்பர் யார் என்பதுதான் சிக்கல்.

ஐரோப்பாவில் இறந்தால் பெயர், பஸ்ராவில் இறந்தால் எண்

போரில் இறந்த பேரரசு வீரர்கள் அனைவரையும் பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒரே மாதிரி நினைவுகூர வேண்டும் என்பது 1917-ல் தொடங்கிய போர்க் கல்லறைகள் ஆணையத்தின் கொள்கை. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். பிரான்ஸில் இந்தக் கொள்கை பெரும்பாலும் கடைப்பிடிக்கப்பட்டது. அங்குள்ள நவ் ஷபெல் இந்திய நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. சாதாரண சிப்பாயின் பெயரும் உண்டு.

ஈராக்கில் கதை வேறு. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,500 பேருக்கான பஸ்ரா நினைவிடத்தில் ஆங்கிலேயர் எல்லோருக்கும் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் பொறித்தார்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று கீழ்நிலையில் இருந்த இந்தியர்களுக்கு மட்டும், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டு முடித்துவிட்டார்கள். வேலூர் மணிக்கூண்டில் நடந்த அதே கணக்கு. மெட்ராஸ்காரர்கள் அதிகம் போனது இந்தப் பக்கம்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெல்லி இந்தியா கேட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். 70,000 பேரின் நினைவாகக் கட்டப்பட்டது, பொறித்த பெயர்கள் 13,000 சொச்சம்.

2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பதிவாகவில்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றது அறிக்கை. இதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள். அந்தக் காலத்து இனவெறி மனப்பான்மைதான் இதற்கு அடிப்படை என்பதையும் அது ஒப்புக்கொண்டது. அதன் பிறகு விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு ஆறுதல் உண்டு. பஸ்ரா கல்லில் பெயர் இல்லாவிட்டாலும், காகிதப் பதிவேட்டில் இந்தியப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. இன்று அவை ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கிடைக்கின்றன. வேலூரின் 14 பேரைத் தேட வேண்டுமென்றால் முதல் வாசல் அதுதான்.

தேடுவது எப்படி?

ஆணையத்தின் தளத்தில் ‘போரில் இறந்தோரைத் தேடு’ என்ற பகுதிக்குப் போய், எந்தப் படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்வு செய்ய வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘கூடுதல் தகவல்’ என்ற பெட்டியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம். பல இந்திய வீரர்களின் பதிவில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகளில் மனைவி பெயரும் சில இடங்களில் வரும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேலூர் மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் என்று தேடினால் பயன் இல்லை. அன்றைக்கு மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு, எனவே ஆங்கிலத்தில் ‘நார்த் ஆர்காட்’ என்று போட வேண்டும். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூர், அந்தக் காலத்தில் வேலூர் தாலுகாவில் இருந்தது. வாணியம்பாடியும் திருப்பத்தூரும் 1911 வரை சேலம் மாவட்டம். அதற்கு முன்பே படையில் சேர்ந்தவராக இருந்தால், அவருடைய ஊருக்குப் பக்கத்தில் சேலம் என்று இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. 1911 வரை மாவட்டத் தலைநகரமே சித்தூர்தான். ஆக, சொந்த ஊரைத் தேட மூன்று மாவட்டப் பெயர்களைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த தலைவலி எழுத்து. முனுசாமி என்ற ஒரு பெயரை ஆங்கில குமாஸ்தாக்கள் ஏழெட்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஷேக், சையத் பெயர்களும் அப்படித்தான். முழுப் பெயரை அடித்து ‘முடிவுகள் இல்லை’ என்று வந்ததும் விட்டுவிடாமல், முதல் நாலைந்து எழுத்து, ஊர்ப் பெயரின் பழைய ஸ்பெல்லிங் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். குடியாத்தத்துக்கு ஆங்கிலத்தில் அன்று ரெண்டு ‘டி’ போட்டார்கள். இதில் பொறுமை தவிர வேறு டெக்னிக் இல்லை.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நேரில் போய்த் தேடலாமே என்று தோன்றலாம். அழகான இடம், போகலாம். ஆனால் 1952-ல் உருவான அந்தத் தோட்டத்தில் இருக்கும் 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இரண்டாம் உலகப் போரில் இந்தப் பக்கம் இறந்தவர்களுடையவை. இந்து வீரர்களைத் தகனம் செய்தார்கள், அதனால் கல்லறை இருக்காது. இரண்டாம் போரில் பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் யாங்கூன் அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் 27,000 பேரோடு இருக்கின்றன. மலாயா, சிங்கப்பூர் பக்கம் என்றால் க்ராஞ்சியில் 24,000 பெயர்களுக்கு மேல். முதல் போரில் செய்ததுபோல் அங்கே சிப்பாய்களை எண்ணாகச் சுருக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வேலூர்க்காரர்களுக்கு க்ராஞ்சி ஒரு எம்ஆர்டி பயணம்தான். தூண்களில் தமிழ்ப் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன.

இறக்காமல் திரும்பியவர்கள்?

கல்லறை ஆணையத்தில் இறந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். 277 பேரில் திரும்பி வந்த 263 பேரைத் தேடுவது இன்னும் கடினம். கனடாபோல முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளை மொத்தமாகத் திறந்து பார்க்கும் வசதி இந்தியாவில் இல்லை. இங்கிலாந்திலும் நிலைமை ஒன்றும் பிரமாதம் இல்லை. 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்நாட்டு வீரர்களின் முதல் போர்க் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின.

பஞ்சாபுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் கிடந்த பதிவேடுகளில் 3,20,000 பஞ்சாப் வீரர்களின் விவரங்கள், ஊர் வாரியாகக் கிடைத்தன. 2021-ல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். லண்டனில் டாக்சி ஓட்டும் பேரன்கூட தாத்தாவின் கிராமத்தை அதில் தேட முடிகிறது. அந்தப் பதிவேடுகளில் பஞ்சாப் மட்டும்தான், மெட்ராஸ் மாகாணம் இல்லை.

வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு இருக்கும் வழிகள் துண்டு துண்டானவை. தாத்தா சாப்பர்ஸ் என்றால் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சர்வீஸ் நம்பர் என்ன? நம்பர் இல்லாமல் பெயர் மட்டும் சொன்னால் பெரும்பாலும் நகராது. கர்நாடிக் காலாட்படைப் பிரிவுகளின் வழிவந்த பழைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1920-களிலேயே கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போருக்காக மறுபடி உருவாக்கினார்கள். எனவே அந்த முதல் தலைமுறையைத் தேடுபவர்களுக்கு லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள்தான் கதி. அதில் தனி ஆளின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். எந்தத் தேதியில் பட்டாளம் எங்கே நின்றது என்பது தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் போனவர் என்றால் உள்ளூரிலேயே ஒரு வாசல் இருக்கிறது. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்துவந்திருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் அது வரும். பாட்டி எப்போதாவது அந்தப் பணம் வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்றிதழ் நகல் போயிருக்கும். வீட்டில் கரையான் தின்றது அலுவலகக் கோப்பில் இருக்கலாம், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

விடுபட்ட பெயரைச் சேர்க்க முடியுமா?

முடியும். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த இரண்டு காலத்துக்குள் பணியில் இருக்கும்போது இறந்தவர் என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் ஆணையம் ஏற்கும். குண்டடி பட்டிருக்க வேண்டும் என்று இல்லை, காலராவும் மலேரியாவும் கணக்கில் வரும். காயத்தோடு ஊருக்கு வந்து அந்தக் காயத்தாலேயே இந்தத் தேதிகளுக்குள் இறந்திருந்தாலும் பரிசீலிப்பார்கள். ஆனால் ஆவணம் வேண்டும். ‘எங்க தாத்தாவோட அண்ணன் பஸ்ரா போனாரு, திரும்பி வரல’ என்று வீட்டில் சொல்லும் கதை தேடலைத் தொடங்கத்தான் உதவும். இறப்புத் தகவல் கடிதம், குடும்ப பென்ஷன் உத்தரவு, படைப்பிரிவுப் பதிவு என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எதுவுமே இல்லையா? டிரங்க் பெட்டியில், பூஜை அலமாரியில் மெடல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் பொறித்திருப்பார்கள். ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் இருந்தால் தாத்தா ஃபாலோயராகவோ தொழிலாளர் படையிலோ போயிருக்க அதிக வாய்ப்பு. ஒரே மெடலை இரண்டு உலோகத்தில் அடித்து ஆளுக்குத் தக்கபடி கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் கனடா தன் வீரர்களுக்குக் கொடுத்த மெடல்களில் பெயர் இல்லை, வெறும் விளிம்புதான். இங்கிலாந்தும் அப்படியே கொடுத்தது. இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயரும் எண்ணும் பொறித்திருந்தன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்மவான்பேட்டைப் பேரனுக்கு டொரான்டோ பேரனைவிட வசதி அதிகம். பாத்திரக் கடைக்காரரிடமோ நகைக்கடையிலோ கொடுத்து பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும். டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து, போன் கேமராவில் விளிம்பைச் சுற்றி நாலு போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் நம்பர் தெரியும்.